டிரம்மில் ஊற்றிய செம்புத் தண்ணீர்

25-5-86, ஞாயிறு. திண்டிவனம்.

கத்திரி வெயில். கொடியில் போட்ட வேட்டி அப்பளமாய் நொறுங்கியது. (இல்லை. விறைத்தது. அவ்வளவே.)

அடுத்த ஞாயிறு அக்கா மகள் மல்லிகாவுக்கு விழுப்புரத்தில் கல்யாணம். அக்கா செத்துப் போனதிலிருந்து அவளும் அவள் அப்பாவும் என் வீட்டில்தான். கல்யாணத்துக்குக் கிண்ணத்தில் நவதானியப் பாலிகை முளைக்க வைப்பது தாய்மாமன் பொறுப்பு. ஊர் உலகமெல்லாம் புற்றுமண்ணில் நவதானியம் தூவும். நான் மண்ணே இல்லாமல் வளர்க்கப் போகிறேன். உரக்கடையில் பத்தொன்பது வருஷம். தேவலோகத் தோட்டக்காரனே வந்து என்னிடம் பாடம் கேட்கலாம்.

மாடியறையில் ஏற்பாடு:
– பரண் மேல் டிரம்.
– ஆஸ்பத்திரி குளுகோஸ் டியூப் ஐந்து. கம்பவுண்டர் உபயம். புதுசு என்று சத்தியம் செய்தார்.
– கிண்ணம் ஐந்து. அடியில் ஓட்டை, உள்ளே கழுவிய சல்லி. வடிவது கீழே தொட்டிக்கு. தொட்டியிலிருந்து செம்பால் மொண்டு மறுபடி டிரம்முக்கு. ஒரு சொட்டு வீண் கிடையாது.
– சத்து: யூரியா சிட்டிகை, பொட்டாஷ், துணியில் வடித்த சூப்பர் பாஸ்பேட், பேதி உப்பு. இரும்புக்குத் துருப்பிடித்த ஆணி மூன்று.

டியூப் சக்கரத்தைத் திருகி நிமிஷத்துக்கு இருபது சொட்டு. கடிகாரம் வைத்து எண்ணினேன்.

சரோஜா (என் மனைவி) எட்டிப் பார்த்தாள். "செடிக்குப் பேதி புடிச்சா யாரு கழுவறது?"

27-5, செவ்வாய்.

காற்றே இல்லை. முளையும் இல்லை. தானியம் ஊறி உப்பியதோடு சரி. சொட்டை முப்பதாக்கினேன்.

விழுப்புரத்துச் சம்பந்தியம்மா வந்து போனார். மூத்த மகன் கல்யாணத்தில் பாலிகை அழுகிப் போனதாம். அந்த மருமகள் வருஷம் திரும்புவதற்குள் செத்துப் போய்விட்டாள். அதனால் சனிக்கிழமை நேரில் வந்து கிண்ணத்தைப் பார்ப்பார். "மொளைக்கலன்னா தாலி எடுக்க மாட்டேங்க. கோவிச்சிக்காதீங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

மாலை, பெருமுக்கல் பக்கத்து நிலத்துக் கிணற்றில் பூவாடைக்காரி அழைப்பு. சுமங்கலியாய்ச் செத்தவளைக் கல்யாணத்துக்கு முன்னால் செம்புத் தண்ணீரில் வீட்டுக்குக் கூப்பிட்டு வருவது எங்கள் வழக்கம். கிணற்றில் போட்ட பூ மூழ்கினால் சம்மதம். உடனே மூழ்கியது. அக்காவுக்கு எப்போதும் அவசரம்.

கிணற்றுத் தண்ணீர் மொண்ட செம்பு மாடியறை மூலையில், மஞ்சள் புடவை மேல். கல்யாணம் முடிந்ததும் அதே கிணற்றில் விட வேண்டும்; அப்போதும் பூ மூழ்கினால்தான் திரும்பிப் போனாள் என்று அர்த்தம். விடாவிட்டால் தண்ணீர் இருக்கிற வீட்டிலேயே தங்கிவிடுவாள் என்பார்கள்.

28-5, புதன்.

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

மத்தியானம். டிரம் காலி, கீழே தொட்டியும் காலி. குழாயில் தண்ணீர் வரவில்லை. எல்லோரும் கடைத்தெருவில். வெயிலிலிருந்து மாடியறைக்குள் வந்தால் கண் இருட்டு. கையில் பட்ட செம்பை எடுத்து டிரம்மில் கவிழ்த்தேன். கடைசிச் சொட்டு விழும்போதுதான் செம்புக் கழுத்தில் மஞ்சள் நூல் விரலில் தட்டியது.

கைப்பம்பில் அடித்துச் செம்பை நிரப்பினேன். அதே இடத்தில் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. சாட்சி ஒரு பல்லி.

29-5, வியாழன்.

பகல் மூன்று மணி. ஐந்து கிண்ணத்திலும் ஒரு சாண் முளை! இதில் மிகை இல்லை. அளந்தேன். ஒரு சாண்.

பயந்து ஐந்து சக்கரத்தையும் இறுக மூடினேன். சொட்டு நிற்கவில்லை. எண்ணினேன். நிமிஷத்துக்கு இருபது. நான் முதல் நாள் வைத்த கணக்கு.

சரோஜா கீழேயிருந்து கேட்டாள், வாசனை வருகிறதே, சீயக்காய் யார் அரைப்பதென்று. வீட்டில் சீயக்காயே இல்லை.

பல்வலி. கிராம்பு வைத்தேன்.

31-5, சனி.

சம்பந்தியம்மா ஒவ்வொரு கிண்ணமாகத் தொட்டுப் பார்த்தார். அழுதார். நல்ல அழுகை. காப்பி குடித்துப் போனார்.

கிண்ணங்களை வேனில் ஏற்ற டியூபைப் பிடுங்கினால் வரவில்லை. டிரம் மூடியைத் திறந்தேன். வேர்கள் டியூப் வழியாக மேலேறி டிரம்முக்குள் போயிருக்கின்றன. சொட்டுக்கு எதிராக, ஆள் உயரம். கறுப்பு வேர். ஆணித் துரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலை குளித்து விரித்துப் போட்ட கூந்தல் மாதிரி தண்ணீரில் அசைந்தது.

பிளேடை எடுத்தேன். மல்லிகா பின்னாலிருந்து கையைப் பிடித்தாள்.

"வெட்டாதீங்க மாமா. புதன்கெழம நீங்க ஊத்தனத படியில நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்."

பிளேடைக் கீழே வைத்தேன்.

"கொண்டு போய் வுடலன்னா எங்கம்மா அங்கியே இருந்துடும்தான?"

அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். மூன்று வயதில் தாயை இழந்தவள். முகம் ஞாபகமில்லை என்பாள். தண்ணீருக்குள் கைவிட்டு அந்தச் சிக்கை விரலால் மெல்லக் கோதினாள். அப்புறம் மூடியைப் போட்டாள்.

1-6, ஞாயிறு. விழுப்புரம்.

தாலி கட்டியாயிற்று. சாம்பாரில் உப்பு குறைவு.

வரும்போது வேனில் மல்லிகா பக்கத்து சீட்டில் டிரம். யாரையும் உட்கார விடவில்லை. கிண்ணங்களும் டியூபும் அதன் மடியில் வைத்த மாதிரி. வழியெல்லாம் மேடு பள்ளம், தண்ணீர் சிந்தவில்லை. இப்போது புகுந்த வீட்டில் அவள் அறையில், ஜன்னலோரம். சம்பந்தியம்மாவே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பாலிகையை ஆற்றில் விட வேண்டாமா என்று யாரோ கேட்டதற்கு, இன்னும் வளர்கிறதே என்றார்.

2-6, திங்கள். பெருமுக்கல் கிணறு.

மேகமூட்டம். மல்லிகாவின் அப்பாவும் நானும் மட்டும். செம்பைக் கொண்டு வந்தோம். உள்ளே கைப்பம்புத் தண்ணீர். சொல்லிவிடலாம் என்று வழியில் நான்கு தடவை வாயைத் திறந்து நான்கு தடவையும் பஸ்ஸைக் குறை சொன்னேன்.

அவர் செம்பைக் கவிழ்த்தார். கை கூப்பி, "போய்ட்டு வா" என்றார். நானும் கூப்பினேன். பூவைப் போட்டார்.

மிதந்தது.

நின்றோம். துண்டால் காற்று விசிறி, கல் போட்டு, மறுபடி கும்பிட்டு. அரை மணி. பூ நடுக்கிணற்றில் அப்படியே. அசையக்கூட இல்லை.

அவர் செம்பை மோந்து பார்த்தார்; கைப்பம்புத் துரு வாடை. என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விழுப்புரத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.