மருந்து குறைத்துப் போட்ட துவக்கு

மேல் டிவிசன் லயம்,
றக்வான.
2005 ஆவணி

அன்பு மகன் கிருஷ்ணராஜுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் சுகம், உன் சுகத்துக்கும் மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறோம் என்று விரிவாகத் தொடங்க எனக்கும் ஆசைதான். ஆனால் எங்களைப் பற்றி நீ எழுதியது இரண்டே வரி, அதனால் நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, தங்கச்சி துஷ்யந்தி நன்றாக இருக்கிறாள், என் கால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. மழை விட்டபாடில்லை, கூரைத்தகரம் போன வருசம் ஒழுகிய அதே இடத்தில் ஒழுகுகிறது, தோட்டத்துத் துரையிடம் சொல்லியாயிற்று, அவரும் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டார்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அமெரிக்காவில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் குளிர் மாதத்தில் மான் வேட்டைக்குப் போவார்களாம், அங்கே கைத்துப்பாக்கியாலும் சுடலாமாம், சட்டம் இடம் கொடுக்கிறதாம், நீயும் லைசன் எடுத்துவிட்டாயாம், எந்த அளவு ரவை போடுகிற துப்பாக்கி வாங்குவது என்பதுதான் இப்போது உன் கவலையாம். முன்னூற்றைம்பத்தேழு என்பது கையில் அடங்கி நிற்கிறது, ரவையும் விலை குறைவு, நாற்பத்துநாலு என்பது பலமாக உதைக்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது, ஆனால் மானுக்கு அதுதான் சரி என்று சிநேகிதன் சொல்கிறான் என்று ஒரு முழுப்பக்கம் எழுதியிருக்கிறாய். அப்பா அந்தக் காலத்தில் பழைய துரையோடு காட்டுக்குப் போனவர் என்று அவரிடம் யோசனை கேட்டிருக்கிறாய். அவர் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்துவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார். அவர் எதற்குத்தான் வாய் திறந்திருக்கிறார், ஆகவே பதிலை நான் சொல்கிறேன்.

மாசி மாதத்தில் ஒரு பெட்டை மான் நம் லயத்துப் பீலியடிக்கு வந்து படுத்துக்கொண்டது. இதை உனக்கு எழுதவில்லை. பகல் வெளிச்சத்தில், அத்தனை பேர் குடத்தோடு நிற்கிற இடத்தில் வந்து படுத்தது என்றால் பயப்படவும் அதற்குத் தெம்பில்லை. விலாவில் சன்னம் பட்ட காயம், பல நாள் காயம், புழு வைத்துவிட்டது. தண்ணீர் ஊற்றினால் குடிக்கிறது, எழும்பப் பார்க்கிறது, முடியவில்லை. கடைசியில் உன் அப்பாதான் கோடாலியைத் திருப்பிப் பிடித்து ஒரே அடியில் முடித்துவைத்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மானைச் சுட்டது யார் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். மலையில் எங்களை வேலை வாங்குகிற நம் கண்டக்டர்தான் காட்டோரத்தில் கட்டுத்துவக்கு வைப்பார், நூல் இழுபட்டதும் தானே வெடிக்குமே, அதுதான். இறைச்சி துரை பங்களாவுக்கும் போகும், வேண்டியவர்களுக்கும் போகும். சத்தம் கீழே பொலிசுக்குக் கேட்கக் கூடாதென்று வெடிமருந்தைக் குறைத்துத் திணிப்பார். அதனால் மான் அங்கேயே விழாது, அடிபட்டு எங்கேயாவது போய்க் கிடந்து அழுகும்.

பிறகு சித்திரையில் அதே நூலில் என் கால் பட்டதும், கொழுந்துக் கூடையோடு தண்ணீர்க் கானுக்குள் விழுந்ததும் உனக்குத் தெரிந்த கதை. பன்றிக்குக் கட்டியிருந்தால் முழங்கால் போயிருக்கும், இது மான் உயரத்துக்குக் கட்டியது, அதனால்தான் தொடையில் பட்டது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். சில சன்னங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன, மழை நாளில் அவை சும்மா இருப்பதில்லை. கண்டக்டரைப் பொலிசில் பிடித்தார்கள், அது பக்கத்துக் கிராமத்து நாட்டுச் சனம் வைத்த துவக்கு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பிணையில் வந்துவிட்டார். விறகு திருடப் போய் அடிபட்டாள் என்று என்னைப் பற்றி ஒரு கதையும் கட்டிவிட்டார். நான் என் நிரையில் நின்று கொழுந்து பறித்தவள்.

போன மாதம் அவரே வீட்டுக்கு வந்தார். கிளினிக்கிலிருந்து என்னைத் திரீவீலில் கொண்டுவந்து விட்ட அஸீஸ், வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். யார் வைத்த துவக்கென்று தெரியாது என்று கோட்டில் சொல்லிவிடு, துஷ்யந்திக்குப் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை எடுத்துத் தருகிறேன் என்றார் கண்டக்டர். நான் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. முகம் சிவந்து, "அஞ்சல, நான் மருந்த கொறச்சித்தான் போட்டேன், அதான் நீ பொழச்ச. நியாயமாப் பாத்தா நீ என்னைய கும்புடணும்" என்றார். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்ததென்று அவருக்கே உறைத்தது. அஸீஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் கேட்டதக் கேட்டேன்னு சொல்லுவேன் அக்கா" என்றார். அன்றைக்கே இரண்டு பேரும் பொலிசுக்குப் போனோம். நான் யாரையும் மொழிபெயர்க்க விடவில்லை, என் சிங்களத்திலேயே சொன்னேன், எழுதினதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது உன் இரண்டு வரிக்கு வருகிறேன். வழக்கெல்லாம் வேண்டாம் அம்மா, நாம் அண்டிப் பிழைக்கிற சனம், தங்கச்சிக்கு வேலையும் கிடைக்கும், சமாதானமாகப் போங்கள் என்று எழுதியிருக்கிறாய். மகனே, இந்த மலையை வெட்டித் தேயிலை வைத்தது உன் பூட்டன். நாம் யாரையும் அண்டவில்லை. துஷ்யந்தியிடம் கேட்டேன், ஆயா வேலை வேண்டுமா என்று. "அந்தாள் குடுக்குற வேல எனக்கு எதுக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக்குப் போய்விட்டாள். அப்பாவுக்கு லயத்து வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்று பயம், அதை நான் மறைக்கவில்லை. எனக்கும் பயம் உண்டு. பயந்துகொண்டே போவேன். உன் யோசனையைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். தூரத்தில் இருந்து உன்னால் வேறென்ன சொல்ல முடியும் என்று பிறகு நானே சமாதானம் ஆகிவிட்டேன். உன்னோடு மட்டும்தான் சமாதானம்.

துப்பாக்கி விசயம் கேட்டாயே. உன் மணிக்கட்டைப் பார்த்து ரவையைத் தெரிவு செய்யாதே, மானைப் பார்த்துத் தெரிவு செய். விழுந்த இடத்திலேயே முடிகிற அளவு எதுவோ அதை எடு. உதைக்கிறது, கை நடுங்கிக் குறி தப்புகிறது என்றால் கை பழகும்வரை தகர டப்பாவைச் சுடு, பழகாவிட்டால் கடையில் இறைச்சி வாங்கிச் சாப்பிடு, அங்கே அதற்கென்ன குறை. பெரியதை வாங்கிக் கண்ட இடத்தில் சுடுகிறவனும் நம் கண்டக்டரும் எனக்கு ஒன்றுதான். நெஞ்சு தெரியாமல் சுடாதே, கிட்டப் போகாமல் சுடாதே, சுட்டது ஓடிவிட்டால் இருட்டினாலும் விட்டுவிட்டு வராதே.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் சாட்சி சொல்லி முடித்திருப்பேன், ஆகவே மறிக்கிறதற்கென்று போன் எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். புதன்கிழமை இரத்தினபுரிக் கோட்டில் வழக்கு. அஸீஸ் விடியவே திரீவீலைக் கொண்டுவருகிறார். அப்பா நேற்று ஒன்றும் சொல்லாமல் தன் வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டார், அவரும் வருகிறார் என்று அதில் தெரிந்துகொண்டேன். நீ நோய்நொடி இல்லாமல், நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டி, தலைநிமிர்ந்து வாழ வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மருந்தைக் குறைத்துச் சுட்டால் அடிபட்டது அங்கேயே சாகாது, எழும்பி நடக்கும், எந்தப் பக்கம் நடக்கும் என்று சுட்டவனுக்குத் தெரியாது. நான் கோட்டுப் பக்கம் நடக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ப. அஞ்சலை