முதல் கரண்டி என் கையால்

அகமதாபாத்
பர்யூஷண் நோன்பின் நான்காம் நாள், மதியம்

என் செல்ல மகள் மைத்ரிக்கு அம்மா ஊர்வி ஜெய் ஜினேந்திர சொல்லி எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், மதில்மேல் புறாக்களும் நலம். நீ நலமா என்று வழக்கம்போலக் கேட்கலாம்தான், ஆனால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். "நலமாக இருக்கிறேன், உணவு நன்று, ஒழுக்கம் பழகி வருகிறேன்." போன மாதம் கோஷா ஆன்ட்டி தன் மகன் பார்த் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள், உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், ஒரு புள்ளிகூட மாறவில்லை. "உணவு நன்று" என்று எழுதுகிற பிள்ளையா பார்த், அவனுக்கு எந்தச் சாப்பாட்டிலும் உப்பு போதாதே. கோஷா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அதனால் இந்த முறை நான் நலம் விசாரிக்கவில்லை, நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன். ஆமாம், வருகிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், நீ சரியாகத்தான் படிக்கிறாய்.

இதை உனக்கு முன்னால் உங்கள் பிரின்சிபால் படிப்பார் என்பதும் எனக்குத் தெரியும். படிக்கட்டும், அவருக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான். பூடகமாக எழுதுகிற பொறுமை எனக்குப் போய்விட்டது.

முந்தாநாள் பள்ளியிலிருந்து செய்தி வந்தது. பர்யூஷண் தொடங்கிய காலையிலிருந்து நீ தட்டைத் தொடவில்லை, கேட்டால் அட்டாய் விரதம், எட்டு நாளும் வெந்நீர் மட்டும்தான் என்கிறாய், இது பக்தி இல்லை கலகம், ஆகவே மூக்கு வழியாக டியூப் விட்டு உணவு செலுத்தப் பெற்றோர் இருவரும் சம்மதம் தர வேண்டும் என்று. படித்ததும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது கண்ணு. மண்ணுக்கடியில் விளைந்த எதுவும் படியேறாத வீட்டில் புத்தகப் பைக்குள் உருளைக்கிழங்கு சிப்ஸ் ஒளித்துவைத்தவள், பொழுது சாய்ந்த பிறகு சத்தம் வராமல் ஃபிரிட்ஜ் திறப்பதில் மிஞ்ச ஆள் இல்லாதவள், அவள் அட்டாய் நோற்கிறாளாம். அப்புறம் டியூப் என்ற சொல்லைத் திரும்பப் படித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. உன் அப்பா பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மூடியைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, "அவ பசி தாங்க மாட்டாளே ஊர்வி, ஸ்கூல் விட்டு வந்ததும் செருப்பக்கூடக் கழட்டாம காக்ரா கேப்பாளே" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். கையெழுத்துப் போடவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அவர்மேல் உனக்கு எத்தனை கோபம் இருந்தாலும்.

கோபம் எனக்கும் இருக்கிறது. நான் பாலன்பூரில் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தபோது பெரியப்பாவும் அவருமாக உன்னை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள், திரும்பி வந்து பார்த்தால் உன் கட்டிலில் மடித்து வைத்த போர்வைதான் கிடந்தது. கேட்டால், "வாட்டர் போர்டு நம்ம தண்ணிப் பங்கைப் பிடுங்கிடும், பிள்ளையத் திருத்துறோம்னு காட்டணும்ல" என்றார் பெரியப்பா. அப்படி நீ செய்த குற்றம்தான் என்ன. மதில்மேல் இருக்கிற பறவைத் தொட்டிக்குத் தோட்டத்துக் குழாயைத் திருப்பிவிட்டுக் கோடை முழுக்க மூடவே இல்லை. தொட்டி வழிந்தது, மதிலுக்கு வெளியே பங்கு இல்லாதவர்களின் குடங்கள் நிறைந்தன. புறாவுக்குத் தண்ணீர் வைத்தால் புண்ணியம், வெளியே நிற்கிற பிள்ளைக்குக் கொடுத்தால் குற்றம், இந்தச் சட்டத்தை எழுதினவர்கள் எறும்பை மிதிக்காமல் நடக்கிற நம் ஆட்கள்தான். நீ போனதிலிருந்து பிரசங்கம் கேட்க உபாசரத்துக்குள் நான் நுழைந்தாலே, "குழாய் திறந்தவளோட அம்மா வர்றா, செம்பை மூடி வைங்கடி" என்று ஒருத்தி சொல்வாள், நாலு பேர் சிரிப்பார்கள். நானும் கேட்காததுபோல ஓரத்தில் போய் உட்காருவேன்.

நேற்று அப்படி உட்காரவில்லை. சாத்விஜியின் பிரசங்கம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கிற நேரத்தில் நான் நடுவில் போய் நின்றேன். என் மகள் மைத்ரி ரண் உப்புவெளி நடுவில் இருக்கிற பள்ளியில் அட்டாய் நோற்கிறாள், இன்று மூன்றாம் நாள், சங்கம் வாழ்த்த வேண்டும் என்று கைகூப்பிச் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, தபசு என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் நம்மவர்கள் கை தானாகக் கூப்பிக்கொள்ளும், யார் என்ன என்று அப்புறம்தான் யோசிப்பார்கள். அனுமோதனா, அனுமோதனா என்று மண்டபமே வாழ்த்திச் சொன்னது. செம்பை மூடச் சொன்னவளும் சொன்னாள். சாத்விஜி உன் பெயரைக் கேட்டு இன்னொரு முறை உரக்கச் சொல்லி ஆசீர்வாதம் செய்தார். சாயங்காலம் வழக்கப்படி தபஸ்வி வீட்டுக்குப் பாட்டுப் பாட வந்துவிட்டார்கள், கூடத்தில் உட்கார இடமில்லை. அதில் முன்வரிசையில் யார் தெரியுமா, உங்கள் பள்ளி டிரஸ்ட் தலைவரின் மனைவி காஞ்சன்பென். சங்கத்தில் முதல் குடும்பம், அவர் வராமல் இருக்க முடியுமா.

மூன்று பாட்டு முடிந்து வந்தவர்களுக்குப் பிரபாவனையாகக் கல்கண்டு கொடுக்கும்போது அத்தனை பேர் முன்னாலும் அவரிடம் கேட்டேன், காஞ்சன்பென், என் மகள் விரதம் முடிக்கிற பாரணை யார் கையால் என்று. அவர் யோசிக்கவே இல்லை, "இதென்ன கேள்வி ஊர்விபென், பெத்தவ கையாலதான், வேற யாரு" என்றார். பள்ளியில் பெற்றோரை உள்ளே விடுவதில்லையே, பிள்ளை தப்பை ஒப்புக்கொண்டு எல்லோர் முன்னாலும் வாசித்த பிறகுதானே வாசல் திறப்பார்கள் என்றேன். அப்புறம் டியூப் விஷயத்தையும் சொன்னேன். அந்த அம்மாள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அங்கேயே போனை எடுத்துக் கணவருக்குப் பேசினார். "தபஸ்வி பொண்ணு மூக்குல டியூப் வெச்சீங்கன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவ நம்ம வீட்ல வாய் நனைப்பா? ஊர்விபென் பாரணைக்குப் போறாங்க. பொண்ணு இங்க வந்துதான் ஊர்வலம், நான் பேண்டுக்குச் சொல்லப் போறேன்." போனை வைத்துவிட்டு என்னிடம், "ரதமா, திறந்த ஜீப்பா?" என்று கேட்டார். நான் ரதம் என்றேன். நீ திட்டுவாய், தெரியும். ஒரு நாள் ரதத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொள். ஊரே பார்க்க ஊர்வலம் வந்தவளை மறுநாள் அந்தப் பள்ளிக்குத் திருப்பி அனுப்ப எவனுக்கும் துணிச்சல் வராது. எனக்கு வேண்டியது அதுதான்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். கொதித்து ஆறிய தண்ணீரைப் பகலில் மறக்காமல் குடி, பொழுது சாய்வதற்குள் நிறையக் குடித்துவிடு. படுத்தால் சட்டென்று எழுந்திருக்காதே. மாடிப்படி ஏறாதே, ஓடு குதி என்று யாராவது சொன்னால் முடியாது என்று சொல். தலை சுற்றினாலோ நெஞ்சு படபடத்தாலோ அந்த நிமிஷமே விரதத்தை விட்டுவிடு, அங்கே இருக்கிற டாக்டரிடம் சொல்லிப் பாசிப்பருப்புத் தண்ணீர் வாங்கிக் குடி. வீம்பு வேண்டாம் மைத்ரி. விரதம் முறிந்தால் அடுத்த வருஷம் நோற்கலாம், உனக்கு ஒன்று ஆனால் நான் எங்கே போவேன். நீ பாதியில் நிறுத்தினாலும் நான் வருவது நிற்காது, படகுக்குச் சொல்லியாகிவிட்டது. சுவர் எழுப்பி உள்ளே வைத்தார்கள், கடல் உப்புவெளிக்குள் ஏறிச் சுற்றி நின்றுகொண்டது, நீ பசியை வைத்து ஒரு வழி உண்டாக்கினாய். உன் வேலை முடிந்தது, மீதி என் வேலை.

கடைசி நாள் சம்வத்சரி அன்று எல்லோரும் எல்லோரிடமும் மிச்சாமி துக்கடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் நேரத்தில் உன்னை மேடையேற்றி அந்த மன்னிப்புக் காகிதத்தை வாசிக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டேன். கோஷாவுக்கு யாரோ சொன்னார்களாம். மன்னிப்புக் கேள் கண்ணு, தயங்காதே, கூடப் படிக்கிறவர்களிடம் கேள், சமையல்காரரிடம் கேள், பிரின்சிபாலிடமும் கேள், ஈ எறும்பிடமும் கேள். தண்ணீர் கொடுத்ததற்கு மட்டும் கேட்காதே.

படகு உப்பளத்து ஜுசப்பாயுடையது. "ரண்ல தண்ணி முழங்காலா கழுத்தான்னு அதுக்கே தெரியாது பென், நான் எறங்குன்னா எறங்கணும், உக்காருன்னா உக்காரணும்" என்று இப்போதே மிரட்டுகிறார். கோஷாவும் வருகிறாள். பார்த் விரதமெல்லாம் இல்லை, அவன் மூன்று வேளையும் சாப்பிடுவான், ஆனால் கதவு திறக்கும்போது ஒருத்திக்கு மட்டும் திறக்காது என்கிறாள். அதுவும் நியாயம்தான். உன் அப்பா புஜ் வரை வருகிறேன் என்கிறார். புஜ் வரை வந்தவரைப் படகில் ஏற்றுவது என் பாடு. பாசிப்பருப்பை வறுத்துக் கட்டிவைத்துவிட்டேன், சுக்கும் மிளகும் தனியாக. வெள்ளிக் கரண்டியை எடுத்துக்கொள்ளவில்லை, நீ சின்ன வயதில் கடித்துக் கடித்து நெளித்த எவர்சில்வர் கரண்டிதான். சம்வத்சரிக்கு மறுநாள் காலை சூரியன் ஏறிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் இருப்பேன். அதுவரைக்கும் பாரணை என்று சொல்லி யார் எதை நீட்டினாலும் வாங்காதே, முதல் கரண்டி என் கையால்.

உனக்குத் தீர்க்காயுசும் தைரியமும் நிறையட்டும், பகவான் துணை இருப்பார். துணிகளை மூட்டை கட்டி வை, மறந்து எதையும் அங்கே விட்டுவிடாதே, திரும்பப் போய் எடுக்கிற இடம் இல்லை அது. புறப்படும் முன் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது, அதையும் இப்போதுதான் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். தோட்டத்துக் குழாயைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டேன். உன் அப்பா பார்த்துக்கொண்டே நின்றார், பங்கு போயிடுமே என்றார். போனால் நாமும் வெளியே போய்க் குடத்தோடு நிற்போம், அங்கே நம் பெண்ணைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றேன். பெட்டி எடுக்க உள்ளே போனார். குழாயை மூடவில்லை.

இப்படிக்கு,
குழாய் திறந்தவளின் அம்மா,
ஊர்வி