டாக்டர் குரல்

8.3.1936, ஞாயிறு
சாஹுல் ஹமீது நானாவின் தேத்தண்ணிக் கடையில் இன்றும் நான்தான் பேப்பர் வாசித்தேன். ஐந்தாம் வகுப்பில் இரண்டு தடவை குந்தியவன்; ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு அதுவே பண்டிதன். கண்டிக் கோர்ட்டுச் செய்தி. வேலைக்காரச் சிறுமியை வீட்டுக்காரர் அடித்ததாக வந்த வழக்கு தள்ளுபடி. காயங்கள் மாடிப்படியில் விழுந்ததால் உண்டானவை என்று டாக்டர் சாட்சி. 'வேலைக்காரப் பிள்ளைகளின் பொய்கள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. இல்லாத மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, டாக்டர் குரலில் வாசித்தேன். கறுப்பையா சிரித்ததில் அவன் தேத்தண்ணி பாதி தரையில்.

10.3
"நம்ம புஷ்பமும் அப்படி ஒரு வீட்டுலதானங்க புள்ள பாக்குது?" என்றாள் என் பெண்சாதி மூக்காயி.
"அது படிச்ச புரொக்டர் ஐயா வீடுடி, கோர்ட்டுல வழக்குப் பேசுறவரு."
சொல்லிவிட்டேன். பேப்பரில் வந்த வீட்டுக்காரரும் படித்தவர்தானே? மகளுக்குப் பதினொரு வயது. பொங்கலுக்குக்கூட அனுப்பவில்லையே, ஏன்?

11.3
தேயிலைப் பெட்டி ஆணிக்கு அடிக்கவேண்டிய அடி என் பெருவிரலில்.

15.3, ஞாயிறு
டவுனுக்கு, புரொக்டர் வீட்டுக்குப் போனேன். பின்வாசலில் புஷ்பம் வந்து நின்றாள். கன்னம் வீக்கம், முழங்கை கறுத்துக் கிடக்கிறது. நான் கேட்கவே இல்லை—
"மாடிப்படியில விழுந்துட்டேன்ப்பா."
உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மா: "ஓம், சரியான துடியாட்டம். பேப்பரிலயும் போட்டிருந்தவங்கள்தானே, இதுகளைப் பற்றி."
தலையாட்டினேன். பெரிய மனிதர் வீட்டில் வேறென்ன ஆட்டுவேன்? கேட் வரைக்கும் வந்து திரும்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த வீட்டுக்கு மாடியே இல்லை.
அவள் தாய்க்குக் காய்ச்சல் என்று புளுகி, கையோடு கூட்டிவந்துவிட்டேன்.

17.3
விறகுக்கட்டையால் அடித்தார்களாம். தாயிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.
தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா கட்டுப் போட்டார். "விழுந்ததுன்னே எழுதிக்கிறேன். புரொக்டரோட உனக்கு எதுக்கு வம்பு?" லயத்திலும் ஆளுக்கு ஆள் அவளிடம், "படியில பாத்து எறங்கக் கூடாதா புள்ள?" எல்லாம் நான் வாசித்துக் கொடுத்த பாடம். நல்ல வாத்தியார்தான் நான்.

22.3, ஞாயிறு
"அந்த டாக்டர் குரல்ல இன்னொருக்கா வாசிங்கண்ணே" என்றான் கறுப்பையா.
நானாவிடம் பழைய பேப்பரை வாங்கி, என் சொந்தக் குரலில் வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.
"எம்மக இருந்த வீட்டுல மாடியே இல்ல" என்றேன்.
கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த நானா குழாயை மூடினார்.
கறுப்பையா மேசையையே பார்த்திருந்தான். "அப்போ பேப்பர்ல வந்த அந்தப் புள்ள இப்ப எங்கண்ணே இருக்கு?"
திருப்பித் திருப்பித் தேடினேன். டாக்டர் பேர் இருக்கிறது. வீட்டுக்காரர் பேர், பட்டத்தோடு இருக்கிறது. அவள் பேர் இல்லை.