அகிலாவின் பெயருக்கு நேரே ஒரு செவ்வாய்க்கிழமை

அனுப்புநர்
மு. கணபதி,
ரப்பர் தோட்டக் குடியிருப்பு,
கட்சால் தீவு, நிக்கோபார் மாவட்டம்.

பெறுநர்
தலைமை அலுவலர் அவர்கள்,
குழந்தைகள் இயக்கப் பயிற்சி மையம்,
மரைன் ஹில், போர்ட் பிளேயர்.

பொருள்: என் மகள் க. அகிலா (வயது 4) பயிற்சிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது – காலம் கடக்குமுன் மீண்டும் சேர்க்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

நான் கட்சாலில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. இது நான்காவது முறையாக எழுதும் மனு. முதல் மூன்றும் கோபமாக இருக்கின்றன என்று என் மனைவி மங்கையர்க்கரசி கிழித்துப் போட்டுவிட்டாள். இதிலும் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. அகிலா ஏழாம் மாதத்தில் பிறந்தவள். வாய் ஓயாமல் பேசுவாள், கால்கள் மட்டும் விறைத்துக்கொள்ளும். கடந்த ஜனவரியில் தங்கள் மையத்தில் சேர்த்து, உறவினர் வீட்டில் தங்கி இரண்டு மாதம் பயிற்சிக்குக் கொண்டுவந்தோம். பயிற்சியாளர் ஜஸ்னா அவர்கள் தினமும் அவள் கால்களை நீவி இழுத்து நிற்கப் பழக்கினார்கள். அதுவரை நாங்கள் அவள் வாயில் கஞ்சித் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த பருப்புச் சோற்றில் முட்டையை மசித்து, எண்ணெய் விட்டுச் சிறு கரண்டியால் ஊட்டக் கற்றுத்தந்ததும் அவர்களே. ஒன்பது கிலோ இருந்தவள் மார்ச்சில் பத்தரை கிலோ ஆனாள். பலகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பாதமும் தரையில் படிய நின்றாள். அன்று மையத்தின் வாசலில் நின்று அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

2. ஊர் திரும்பும்போது, இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள். என்ன கிழமை வருவீர்கள் என்று பதிவேட்டு ஊழியர் கேட்டார். "ஜஹாஜ் ஆயேகா தோ ஹம் ஆயேகா" என்றேன். கப்பல் வந்தால் வருவோம் என்பதற்கு மேல் எங்கள் தீவில் எவருக்கும் பதில் தெரியாது. எங்களுக்குக் கிழமை என்பது இல்லை. கப்பல் உள்ள நாள், கப்பல் இல்லாத நாள், அவ்வளவுதான். அடுத்த கப்பல் என்றைக்கு என்றார். செவ்வாய் என்றேன். அந்த ஒரு செவ்வாயை அவர் எல்லா மாதத்துக்கும் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் பிழை. அதை மறைக்கவில்லை.

3. ஏப்ரலில் கப்பல் எங்களை வியாழனன்று கொண்டுவந்து விட்டது. "மங்கள்வார் வாலா ஹை, ஆஜ் நஹீ" என்று திருப்பி அனுப்பினார்கள். செவ்வாய்க்குரிய பிள்ளையாம், இன்று முடியாதாம். சனிக்கிழமைக் கப்பலை விட்டால் அடுத்தது பன்னிரண்டு நாள் கழித்து என்பதால் திரும்பிவிட்டோம். மே மாதம் கடல் கொந்தளிப்பால் கப்பலே ரத்து. ஜூனில் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தபோது, மூன்று முறை வராததால் பெயர் நீக்கம் என்றார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரில் நிற்கிறோம், பதிவேடு நாங்கள் வரவில்லை என்கிறது. ஜஸ்னா அவர்கள் அன்று கார் நிக்கோபார் தீவு முகாமுக்குப் போயிருந்தார்கள். புதிதாக விண்ணப்பித்தால் முறை வர ஆறு மாதம் ஆகுமாம்.

4. வீட்டில் நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஜஸ்னா அவர்கள் வரைந்து தந்த படத்தைப் பார்த்துக் காலையும் மாலையும் என் மனைவி பயிற்சி தருகிறாள். பக்கத்து வீட்டு ஐயாவு அண்ணன் நிற்கும் பலகை செய்து தந்தார். பிள்ளை வளர்ந்துவிட்டாள், பலகையில் அவள் மார்புக்குக் கட்டிய பட்டை இப்போது வயிற்றில் நிற்கிறது. எவ்வளவு உயர்த்துவது என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. அங்கன்வாடியில் முழுக் கொண்டைக்கடலை தருகிறார்கள். அவளால் மெல்ல முடியாது, வறுத்து அரைத்துக் கொடுக்கிறோம். முட்டையும் கப்பலில்தான் வர வேண்டும். அதற்காக வாங்கிய இரண்டு கோழிகளும் தங்களுக்கு மனம் வந்தால்தான் இடுகின்றன.

5. மூன்று வாரமாக அவள் குதிகால் தரையில் படிய மறுக்கிறது. குதிகால் தூக்கினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உடனே கொண்டுவாருங்கள், நரம்பு இறுகிச் சுருங்கிவிட்டால் கையால் சரிசெய்ய முடியாது, அறுவைதான் என்று ஜஸ்னா அவர்கள் எச்சரித்திருந்தார்கள். குதிகால் தூக்கிய நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கப்பல் இல்லை என்று தெரிந்தும் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போய் விசாரிக்கிறேன். மரத்தில் கத்தி ஆழமாக இறங்கி மேஸ்திரியிடம் ஏச்சு வாங்குகிறேன். "குதிகால் வைக்கலன்னா ஜஸ்னா அக்கா ஏசுவாங்களாப்பா?" என்று பிள்ளை கேட்கிறாள்.

6. ஆகவே, அகிலாவை உடனே பட்டியலில் சேர்க்க வேண்டும். அவள் பெயருக்கு நேரே கிழமை எதுவும் எழுதாமல், கப்பல் கொண்டுவந்து சேர்க்கும் நாளில் பார்க்க வேண்டும். இத்தீவில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இதே நிலையில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இவ்வாறே ஆணையிட வேண்டும். மெல்ல இயலாத பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் மாவாக அரைத்துத் தரவும் பரிந்துரைக்க வேண்டும்.

இம்மனு போகும் கப்பலுக்கு அடுத்த கப்பலில் நாங்கள் ஏறுகிறோம். தங்கள் பதில் வந்தாலும் ஏறுவோம், வராவிட்டாலும் ஏறுவோம். தயவுசெய்து இம்முறை திருப்பி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு ஜெட்டியில் காத்திருக்கும்,
மு. கணபதி

இடம்: கட்சால்
நாள்: 9.9.2025

இணைப்பு:
அ) ஏப்ரல், ஜூன் மாதக் கப்பல் பயணச்சீட்டுகளின் நகல்.
ஆ) அகிலாவின் பாதத் தடம், தாள் ஒன்று: மார்ச் மாதம் ஜஸ்னா அவர்கள் மையில் எடுத்துத் தந்தது. முழுப் பாதமும் பதிந்துள்ளது.
இ) தாள் இரண்டு: கடந்த ஞாயிறு சொட்டு நீலத்தில் அவள் தாய் எடுத்தது. ஐந்து விரல்களும் முன்பாதமும் மட்டுமே உள்ளன. குதிகால் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக உள்ளது; தாள் கிழியவில்லை.