நல்ல தண்ணீர்த் தொட்டி

மிதவை ஆய்வுக்கூடம், கரையிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர். எழுதுபவர் குற்றாலிங்கம், மீன் உடலியல். வயர்லெஸ்ஸில் வரும் பேச்சைக் கருவி தானாகவே இந்த மின்குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும்.

மார்ச் 3, காலை 6.30

விரால் பதினான்கும் உயிரோடு இருக்கின்றன. குளத்து மீன், கடல்நீரில் ஒன்பதாவது நாள்! கமிட்டியில் சிரித்தவர்கள் வந்து பார்க்கட்டும். என் ஹார்மோன் கலந்த நல்ல தண்ணீரில் ஆறு நாள் விட்டேன், அவ்வளவுதான். செவுள்கள் உப்பை வெளியே தள்ளப் பழகிவிட்டன.

படகோட்டி மிக்கேல்தாஸ் போன வாரமே ஊருக்குப் போய்விட்டார். போகுமுன் சமையலறைக் குடங்களை நிரப்பி வைத்திருக்கிறார். தங்கமான மனிதர்.

மார்ச் 5, பிற்பகல் 2.10

ஒரு விராலை மறுபடி குளத்து நீரில் விட்டேன். உடம்பு ஊதி, முப்பத்தெட்டாவது நிமிடம் செத்தது. இன்னும் இரண்டை விட்டேன், அவையும் அப்படியே போயின. ஒருமுறை உப்பு நீருக்குப் பழகிவிட்டால் திரும்பி வர வழியில்லை போலிருக்கிறது. அறிக்கையில் இதை எப்படி எழுதுவது? எரிச்சலாக வருகிறது.

மார்ச் 6, காலை 11.00

நேற்றிலிருந்து அடங்காத தாகம். தேநீர் குமட்டுகிறது. வாய் கொப்பளிக்க எடுத்த கடல்நீரை விழுங்கிவிட்டேன். நன்றாக இருந்தது. இரண்டு சொம்பு குடித்தேன்.

பிறகுதான் ஹார்மோன் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். கால்வாசி குறைந்திருக்கிறது. மிக்கேல் சமையலறைக் குடங்களை இதிலிருந்துதான் நிரப்பியிருக்கிறார். அதன்மேல் என் கையெழுத்தில் "நல்ல தண்ணீர்". உப்பில்லாதது என்ற பொருளில் எழுதினேன். இங்கிலீஷில் எழுதினால் மிக்கேலுக்குப் புரியாதே என்று தமிழில் எழுதினேன், மடையன்!

மார்ச் 6, காலை 11.25. வயர்லெஸ்

"மிக்கேல், அந்தத் தொட்டித் தண்ணியை ஊருக்கும் எடுத்துட்டுப் போனீங்களா?"

"ரெண்டு கேனு எடுத்தேன் சார். இங்க தண்ணி லாரி வந்து பத்து நாளாச்சு. நல்ல தண்ணின்னு நீங்கதான எழுதிப் போட்டிருந்திய?"

"யார் குடிச்சது?"

"எம் மவ ரொசாரி மட்டுந்தான். காய்ச்சல்ல கெடந்தா. நாங்க யாரும் தொடாம அவளுக்குன்னே வச்சிருந்தோம்."

ரொசாரிக்கு நான்கு வயது. மீதியைக் கொட்டச் சொன்னேன்.

மார்ச் 7, காலை 10.15. வயர்லெஸ்

"சார், ரொசாரி கடத்தண்ணிய மோந்து மோந்து குடிச்சிருக்கா. ஆஸ்பத்திரியில சேத்துட்டோம், படகு வயர்லெஸ்ஸ எடுத்தாந்து இங்கருந்துதான் பேசுதேன். ஒடம்புல உப்பு ஏறிப்போச்சாம், நல்ல தண்ணி குடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லுதாவ. குடுக்கட்டா?"

விராலுக்கு நடந்தது அவளுக்கும் நடக்குமா? தெரியவில்லை. கொடுக்காவிட்டால் உப்பே கொன்றுவிடும். டாக்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுக்க மாட்டாராம்.

மருந்துப் பெட்டியில் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று இருக்கிறது. நானும் அவளைப் போலத்தான், நேற்று முழுவதும் கடலைக் குடித்திருக்கிறேன். குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. "பதினொண்ணே கால் வரைக்கும் பொறுங்க. ஆபத்துன்னா கூப்பிடுறேன். கூப்பிடலைன்னா தைரியமாக் கொடுங்க" என்றேன்.

10.28

ஒரு லிட்டரையும் குடித்தேன். குமட்டல், வேறொன்றுமில்லை.

10.44

நாடி 88. கடவுளே, ஒன்றும் ஆகாது போலிருக்கிறது.

10.53

உதடு தடித்திருக்கிறது. மோதிரம் இறுக்குகிறது. தலை வலிக்கிறது. கூப்பிட வேண்டும். எழுந்தேன், குறிப்பேட்டோடு விழுந்தேன்.

10.58

மைக் மேசைமேல். நாலடிதான். கால் வரவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன்? கூப்பிட்டால் கொடு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். ரொசாரிக்குக் கொடுக்காதே மிக்கேல் கொடுக்கா

11.15. வயர்லெஸ், தானியங்கிப் பதிவு

"சார்… சார்? மிக்கேல் பேசுதேன். மணி ஆயிட்டு. டாக்டரம்மா தம்ளரக் கையில வச்சுக்கிட்டு நிக்காவ."

"சார், கேக்குதா?"

"நீங்க கூப்பிடல. அப்ப ஒண்ணும் பயமில்ல, என்ன சார்? எனக்கு இப்பதான் உசுரு வந்துச்சு."

"குடுத்துட்டோம் சார். மொகத்தச் சுளிச்சா, ஆனா முழுசாக் குடிச்சுட்டா."