தரிசு என்று எழுதிவிட்டார்கள்

8-4-86, செவ்வாய்

காலையில் பனிமூட்டம். முதல் பஸ். எடுத்துக்கொண்டவை: தீர்ப்பு நகல், மனு நகல், கண்ணாடி, நாலு இட்லி. குடையை மறந்தேன்.

சேலத்தில் வெயில் கொன்றது. மத்தியானம் வரை கோர்ட்டு வராந்தாவில், நானும் வக்கீலும். கூப்பிட்டு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. எங்கள் மானாவாரிக் காடு கொழுந்தன் சின்னராசுவுக்கு என்று போன வருஷம் வந்த தீர்ப்பில் தப்பு இருக்கிறது, திருத்துங்கள் என்று நான் போட்ட மனு. ஒரு தப்பைத் திருத்தினார்கள். சர்வே நம்பரில் இரண்டு எண் இடம் மாறியிருந்ததாம். பெரிய தப்பு அப்படியே இருக்கிறது.

பெரிய தப்பு இது. கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் செம்மநத்தம் வந்தது, நாங்கள் காட்டைக் கரம்பு போட்டிருந்த வருஷம். மூன்று வருஷம் விதைத்தால் நாலு வருஷம் மண்ணை ஆறவிடுவோம். மலையில் எல்லாரும் செய்வது. அவர் முழங்கால் உயரப் புல்லைப் பார்த்தார். ‘தரிசு, யார் அனுபவத்திலும் இல்லை’ என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் நாங்கள் பயிர் செய்யவில்லை என்று தீர்ப்பு. நான் பக்கத்தில்தான் நின்றேன். கரம்பு என்று சொல்லத் தோன்றவில்லை. இதுகூடத் தெரியாதவர் உண்டா என்று இருந்துவிட்டேன். மடச்சி.

பஸ் ஸ்டாண்டில் வக்கீல் சொன்னது: "கை தவறி எழுதினதைத் திருத்துவாங்கம்மா. யோசிச்சு எழுதினது தப்பாவே இருந்தாலும் அதே கோர்ட்டு தொடாது. அதுக்கு அப்பீல்தான். அன்னிக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேன்."

அடித்துக்கொண்டார்தான். தைத்தவர்தானே பிரித்துத் தைக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஹாஸ்டல் தையல் அறையில் மூன்று வருஷ வேலை, புத்தி அப்படித்தான் போகிறது. அப்பீல் கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

9-4-86, புதன்

பாவாடை ஆறு, சட்டை நாலு. பொத்தான் தீர்ந்தது. விரலில் ஊசி, இரண்டு தடவை.

நேற்று ஒன்றை எழுதவில்லை. நம்பர் தப்பாக இருந்தவரை சின்னராசு காட்டில் கால் வைக்கத் தயங்கினான். இனி எதற்குத் தயங்க வேண்டும்? என் மனுவே அவனுக்கு வழி விட்டது. சிரித்தேன். பிறகு அழுதேன்.

11-4-86, வெள்ளி

சாயங்காலம் மழை. பஜாரில் ஜீப்காரர் யாரிடமோ: "செம்மநத்தத்துல நேத்தே நொம்ப மழைங்க."

அதைக் கேட்டதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு முன்னால் போவார், நான் விதைக்கூடையோடு பின்னால். பேசவே மாட்டார். பாறை ஏறியதும் மட்டும் "கால் வலிக்குதா புள்ள" என்பார். அவர் போய் மூன்று வருஷம். காட்டுக்கு ஏங்குகிறேனா, அவருக்கா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சோப்பு, மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

13-4-86, ஞாயிறு

சின்னராசு வந்தான். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. உட்காரச் சொல்லவில்லை. அவனும் உட்காரவில்லை.

"ஏனுங்க அண்ணி, காடு கரம்பு போட்டு எத்தன வருசமாச்சுங்க? அண்ணன் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். இந்த மழைக்கு வெதைக்கலாமுங்களா?"

கரம்பாம். கூண்டில் ஏறித் தரிசு என்று சத்தியம் செய்த அதே வாய். கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. இப்போது சொன்னதை எழுதி வாங்கி வக்கீலிடம் கொடுத்தால்? எதற்கு? கேட்கத்தான் இடமில்லையே.

இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்று பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மண் என்ன பாவம் செய்தது. நாலு வருஷம் முடிந்துவிட்டது, முதலில் சாமை போடு என்றேன். தலையாட்டிவிட்டுத் திரும்பினான்.

"சின்னராசு, வெதைக்கிற அன்னிக்குச் சொல்லி அனுப்பு. நானும் வர்றேன். கூலியாளா வெச்சுக்க."

அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "சரிங்கண்ணி" என்றது மட்டும் கேட்டது.

ஹாஸ்டலில் இரண்டு நாள் லீவு கேட்க வேண்டும்.