ஸ்டேஷனில் இருக்கும் துப்பாக்கி

மாதா துணை
திண்டுக்கல்

அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு அம்மா எழுதுவது. கனடாக் குளிரில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். எனக்குச் சுகத்தில் குறைவில்லை, நிலக்கோட்டைப் பூக்கடையும் ஓடுகிறது. உன் தம்பியும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் அவன் காதில் விழும், அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

பட்டாளத்தில் இருந்து வந்ததிலிருந்து ரொனால்டு தூங்குவதில்லை என்பது உனக்குத் தெரியும். போன வாரம் கடைக்குக் கூட்டிப்போனேன். யாரோ வேன் கதவை ஓங்கி அடைத்த சத்தத்தில் பூக்குவியலில் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டான். மூட்டை தூக்கும் மலைச்சாமி, "பட்டாளத்தாரு மல்லியில நீச்சலடிக்கிறாரு" என்றான், சந்தையே சிரித்தது. ரொனால்டும் சிரித்தான், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். பட்டாளத்துக்காரன் என்றால் துப்பாக்கிக் காவல் வேலைதான் என்று ஊரே சொல்லி, அவனும் லைசென்ஸ் எடுத்து நகைக்கடன் கம்பெனி வாசலில் நின்றான் அல்லவா, அந்தத் துப்பாக்கியைத் தேர்தல் உத்தரவுப்படி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தான். தேர்தல் முடிந்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஏட்டு போன் செய்தார்.

அப்போதுதான் நீ படிக்கும் மனநல ஆலோசனை ஆன்லைன் வகுப்பு ஞாபகம் வந்தது. டீச்சர் பட்டாளத்துக்காரனாக நடிக்க, சாகத் தோன்றுகிறதா என்று நீங்கள் நேருக்கு நேர் கேட்டுப் பழகுவதை நீ சொன்னபோது, இல்லாத நினைப்பை ஏன்டி கிளப்புகிறீர்கள் என்று திட்டினேன். கேட்பதால் வராதும்மா, இருந்தால் வெளியே வரும் என்றாய். அன்று சாப்பிடும்போது தம்பியிடம் துணிந்து அதையே கேட்டுவிட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "தெனமும் தோணுதும்மா. யாரும் கேக்கல" என்றான். நான் அழவில்லை, யாபாரம் பேசுகிற மாதிரிதான் பேசினேன், "ஏலே, அது ஸ்டேஷன்லயே கெடக்கட்டும், மொதல்ல மதுரை டாக்டரப் பாப்போம்" என்றேன். எழுந்துபோய் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் போட்டான். "நான் கேட்டாலும் குடுக்காதம்மா."

கடையை மலைச்சாமியிடம் விட்டுவிட்டேன், தம்பியைத் தனியே விடுவதில்லை. ஏட்டிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நாளை டாக்டரிடம் போகிறோம். சொந்தத் தம்பிக்கு அக்காவே வைத்தியம் பார்க்கக்கூடாது என்று நீ சொன்னதற்கு அன்று கோபப்பட்டேன், இப்போது புரிகிறது. பட்டாளத்தார் வேதனை தெரிந்து தமிழில் பேசுகிறவர் யாராவது உண்டா என்று உன் வகுப்பில் விசாரி. அவனுக்கு நீ அக்காவாக மட்டும் போன் பண்ணு. வகுப்புக் குரல் வேண்டாம், எப்போதும் போல வம்புக்கு இழு.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகனையும் சாப்பிட வை. மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். தம்பிக்காக ஜெபமாலை சொல்ல மறக்காதே. இன்று காலை லைசென்ஸ் புத்தகத்தைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை.

உன் அம்மா
ஆனந்தமேரி